பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

பழைய பொருள் ஒன்று பழுதுபட்டால் அதைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, அல்லது அகற்றிவிட்டுப் புதியதொன்றைப் பொருத்துவதா என்னும் கேள்வி நம் எல்லார்க்கும் எழுவதே. சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டாலும் எழும். கிணற்றுப் பம்பு தண்ணீர் இறைக்க மறுத்தாலும் எழும். எதற்குச் செலவு குறைவு என்று பார்த்து விடை காண்பதே பொது வழக்கம். ஆயினும் சில பொருள்களைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு மட்டும் போதுவதில்லை. அத்தகைய பொருள் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அது 1957ஆம் ஆண்டில் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் பொருத்தப்பட்ட எரிபொருள் கருவி. வாங்கியவர்களுள் பலர் அதனைக் கழற்றி மூலையில் போட்டனர். பிற்காலத்தவர் அதனையே தேடி அலைந்தனர். இவ்விரண்டும் ஏன் நிகழ்ந்தன என்று ஆராய்வது, யந்திரங்களின் சரித்திரத்தைப் பயிலும் மாணவர்க்கு நல்ல பாடமாகும்.

முதலில் எஞ்சினின் தேவையைச் சிறிது விளக்கிவிடுகிறேன். பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியவை காற்று, பெட்ரோல், தீப்பொறி என்னும் மூன்று. பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதமே இங்கு முக்கியம். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை எழும். குறைந்தால் எஞ்சின் திணறும், அளவுக்கு மீறிச் சூடேறும். வண்டி மெதுவாகச் சென்றாலும் விரைந்து சென்றாலும், மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும், இந்த விகிதத்தைக் கணந்தோறும் சரிபார்த்துத் தர ஒரு கருவி வேண்டும். நெடுங்காலமாக அவ்வேலையைச் செய்து வந்தது கார்புரேட்டர்.

கார்புரேட்டரின் தத்துவம் எளிது. எஞ்சின் உறிஞ்சும் காற்று, இடையில் இடுங்கிய ஒரு குழாய் வழியே செல்கிறது. இடுங்கிய கழுத்தில் காற்று விரைகிறது. விரையும் இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது. பக்கத்திலுள்ள மிதவைத் தொட்டியிலிருந்து பெட்ரோல் ஒரு சிறு துளை வழியே அக்கழுத்துக்கு இழுபட்டுத் துளிகளாகச் சிதறிக் காற்றுடன் கலக்கிறது. பம்பின் அழுத்தத்தால் தள்ளப்படாமல், காற்றின் ஓட்டத்தாலேயே பெட்ரோல் வந்து சேரும் இந்த ஏற்பாடு மலிவானது. சிற்றூர்ப் பட்டறையிலும் பழுதுபார்க்கத் தக்கது.

குறைகளும் அதற்கு உண்டு. ஒரு கார்புரேட்டர் எட்டுச் சிலிண்டர்களுக்கு உணவளிக்கும்போது, அருகிலுள்ள சிலிண்டருக்கு அதிகமும் தொலைவிலுள்ளதற்குக் குறைவுமாகப் பெட்ரோல் போய்ச் சேரும். பந்தி பரிமாறுபவர் ஒருவரே என்றால் கடைசி இலைக்குக் கறி குறைவது போன்றதே இது. மேலும், வண்டி கூரிய வளைவில் வேகமாகத் திரும்பும்போது தொட்டியிலுள்ள பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். எஞ்சின் ஒரு கணம் இருமும். சாதாரணப் பயணத்தில் இது பொருட்டன்று. பந்தயத்திலோ அந்த ஒரு கணமே வெற்றி தோல்வியை நிர்ணயிக்கும்.

ஆகவே, பெட்ரோலைக் காற்று இழுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாமல், அழுத்தத்துடன் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பீச்சினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. ஆங்கிலத்தில் ஃப்யூவல் இஞ்செக்‌ஷன் எனப்படும் பீச்சு முறை இதுவே. டீசல் எஞ்சின்களுக்கான பீச்சுப் பம்புகளை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலையில் செய்யத் தொடங்கிவிட்டது. இரண்டாம் உலக யுத்தக் காலத்து ஜெர்மானிய விமான எஞ்சின்கள் பெட்ரோலைப் பீச்சு முறையிலேயே பெற்றன. யுத்தத்துக்குப் பின் அந்த அறிவு தரைக்கு வந்தது. 1954ஆம் ஆண்டில் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம், இறகுகளைப் போல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளைக் கொண்ட 300 எஸ்.எல். என்னும் வண்டியை நியூயார்க் நகரில் காட்சிக்கு வைத்தது. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் எஞ்சின் அதில் இருந்தது. வண்டி வியப்பூட்டியது, அதன் விலையும் அவ்வாறே வியப்பூட்டியது.

அமெரிக்காவிலோ நிலைமை வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவர்லே பிரிவு, கார்வெட் என்னும் இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை 1953ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கில் வெளியிட்டிருந்தது. கண்ணாடி இழையாலான உடல், பார்வைக்கு அழகு. ஆனால் உள்ளே இருந்தது 150 குதிரைத் திறன் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினும் இரண்டே கதிகள் கொண்ட தானியங்கிக் கியருமே. முதலாண்டில் 300 வண்டிகள் செய்யப்பட்டன. 1955ஆம் ஆண்டில் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் வந்த பிறகும் அவ்வாண்டு செய்யப்பட்டவை 700 மட்டுமே. வண்டியையே நிறுத்திவிடலாமா என்று நிறுவனம் எண்ணிய காலம் அது.

அக்காட்சியில் கார்வெட்டைக் கண்டு மனம் பறிகொடுத்தவர்களுள் ஒருவர் ஜோரா ஆர்க்கஸ்-டண்டாவ் என்னும் பொறியியலார். ரஷ்யப் பெற்றோர்க்கு 1909ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தவர். தாமே பந்தய வண்டி ஓட்டியவர். 1953ஆம் ஆண்டில் செவர்லேயில் பணியில் சேர்ந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே, வேகத்தில் நாட்டங்கொண்ட இளைஞர்களைச் செவர்லே எவ்வாறு தன்பால் ஈர்க்கலாம் என்று மேலதிகாரிகளுக்குக் குறிப்பு ஒன்று எழுதினார். கார்வெட்டுக்கு அழகு மட்டும் போதாது, ஆற்றலும் வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் டால்ஸா என்னும் பொறியியலார் பீச்சு முறையை ஆராய்ந்து வந்தார். அவருடன் டண்டாவும் சேர்ந்து உழைத்தார். 1956ஆம் ஆண்டில் சோதனைத் தடத்தில் நேர்ந்த விபத்தில் டண்டாவின் முதுகெலும்பு முறிந்தது. அவர் உடலைச் சுற்றிக் கட்டுடன் வேலைக்குத் திரும்பி, இக்கருவியின் பணியைத் தொடர்ந்தார். நிறுவனத்தின் ராச்செஸ்டர் பிரிவு கருவியைச் செய்து அளித்தது. ராம்ஜெட் என்ற பெயருடன் 1957ஆம் ஆண்டு வண்டிகளில் அது வெளிவந்தது.

ஜெர்மானியர் முறையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சிறு பிஸ்டன் நேரம் அறிந்து பெட்ரோலைத் தள்ளும். மிக நுட்பமான வேலைப்பாடு; ஆகவே செலவும் மிகுதி. டால்ஸாவும் டண்டாவும் வேறு வழி கண்டனர். அவர்கள் கருவியில் பெட்ரோல் விட்டுவிட்டுப் பாயாது. எட்டு முனைகளிலிருந்தும் ஓயாமல் சிறு தாரையாய்ப் பாய்ந்துகொண்டே இருக்கும். பீச்சுவதும் சிலிண்டருக்குள் அன்று, சிலிண்டருக்குக் காற்று நுழையும் வாயிலின் அருகே. எவ்வளவு பாயவேண்டும் என்பதை மட்டும் தீர்மானித்தால் போதும்.

அதைத் தீர்மானித்த விதம் அழகானது. காற்று நுழையும் இடத்தில் இடுங்கிய கழுத்து ஒன்று உண்டு. காற்று மிகுதியாகச் செல்லச் செல்ல அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு ஒரு மெல்லிய குழாய் வழியே சென்று, டயஃப்ரம் எனப்படும் சவ்வை மேலே இழுக்கிறது. சவ்வுடன் இணைந்த நெம்புகோல் ஒரு வழிவால்வை இயக்குகிறது. பல்சக்கரப் பம்பு ஒன்று தேவைக்கு மேலாகவே பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருக்க, மிகுந்ததை வழிவால்வு திருப்பி அனுப்புகிறது. காற்று அதிகமானால் வழிவால்வு மூடுகிறது. முனைகளுக்குப் பெட்ரோல் கூடுகிறது. காற்று குறைந்தால் வால்வு திறக்கிறது, பெட்ரோல் குறைகிறது. மின்னணுச் சாதனம் ஒன்றுகூட இதில் இல்லை. காற்று தன் அளவைத் தானே அறிவிக்க, சவ்வும் நெம்புகோலும் அதைக் கேட்டு நடந்தன.

பலன் விரைவில் தெரிந்தது. 283 கன அங்குலக் கொள்ளளவுள்ள எஞ்சின் 283 குதிரைத் திறன் தந்தது. கன அங்குலத்துக்கு ஒரு குதிரைத் திறன் என்பதை நிறுவனம் பெருமையுடன் விளம்பரம் செய்தது. 1957ஆம் ஆண்டு ஃபுளோரிடா மாநிலத்துச் செப்ரிங் நகரில் நடந்த 12 மணி நேரப் பந்தயத்தில் ஒரு கார்வெட் தன் வகுப்பில் முதலாவதாக வந்தது. வண்டியின் அடிப்படை விலை ஏறத்தாழ 3,176 டாலராக இருந்த அக்காலத்தில், பீச்சுக்கருவிக்கு மட்டும் 484 டாலர் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். அப்படியிருந்தும் அவ்வாண்டு செய்யப்பட்ட 6,339 கார்வெட்களுள் 1,040 வண்டிகள் அக்கருவியுடன் விற்பனையாயின.

இனிதான் சோதனை தொடங்கியது. பந்தயத் தடத்தில் பொறியியலாரும் மெக்கானிக்குகளும் பக்கத்திலேயே நிற்பார்கள். ஊரில் வண்டி வாங்கியவருக்கு யார் இருந்தார்கள்? முனைகளின் துளைகள் மிக நுண்ணியவை. பெட்ரோலில் சிறிது அழுக்கு வந்தாலும் ஒன்று அடைபடும், அந்தச் சிலிண்டர் பட்டினி கிடக்கும். பல்சக்கரப் பம்பைச் சுழற்றியது டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வந்த வளையும் கம்பிவடம். அது அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். கோடை வெயிலில் நெடுந்தூரம் ஓடிய வண்டியைச் சிறிது நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால், எஞ்சினின் வெப்பத்தால் குழாய்களிலுள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாகிக் கிளம்ப மறுக்கும். நின்ற இடத்தில் எஞ்சின் சும்மா ஓடும்போது காற்றோட்டம் மிகச் சிறிது, ஆகவே சவ்வுக்குக் கிட்டும் இழுப்பும் சிறிது, எஞ்சின் தடுமாறும்.

இவற்றுள் எதுவும் தீராத நோய் அன்று. முனையைக் கழுவலாம், வடத்தை மாற்றலாம், சவ்வின் இணைப்புகளை அளந்து திருத்தலாம். ஆனால் அதற்கு அக்கருவியை அறிந்த கை வேண்டும். நாடெங்கும் சிதறிக் கிடந்த மெக்கானிக்குகளுள் பெரும்பாலோர் கார்புரேட்டரில் கை தேர்ந்தவர்கள். ஆண்டுக்கு ஓராயிரம் வண்டிகளில் மட்டும் வரும் ஒரு கருவியை அவர்கள் எத்தனை முறை பார்த்திருக்க முடியும்? தெரியாததை ஆராய்ந்து பார்ப்பதைவிடத் தெரிந்ததைப் பொருத்துவது எளிது. பீச்சுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, நாலு வாய்க் கார்புரேட்டர் ஒன்றை அவ்விடத்தில் பூட்டினார்கள். வண்டி ஓடியது; உரிமையாளரும் நிம்மதி அடைந்தார். கழற்றியது பட்டறையின் மூலைக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போயிற்று.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல, ஒரு முனையின் அடைப்புக்காக முழுக்கருவியையும் எறிந்தார்களே என்று இன்று நாம் சொல்லலாம். அது நியாயமாகாது என்பது என் கருத்து. காலையில் வேலைக்குப் போகவேண்டியவருக்கு வண்டி கிளம்பவேண்டும். அவர் காட்சிசாலை நடத்தவில்லை. அன்று அது பழமைச் சின்னமும் அன்று. நேற்று வாங்கிய வண்டியின் தொல்லை தரும் உறுப்பு. அவர் செய்த முடிவில் குற்றமில்லை. குற்றம் இருந்தது வேறிடத்தில். கருவி பரவிய வேகத்தில், அதைச் செப்பனிடும் அறிவு பரவவில்லை. கருவியைப் பெட்டியில் அடைத்து நூறு ஊர்களுக்கு ஒரே வாரத்தில் அனுப்பிவிடலாம். அறிவை அவ்வாறு அனுப்ப முடியாது. ஒருவர் செய்ய மற்றொருவர் அருகிருந்து பார்த்துத்தான் அது நகரும்.

நிறுவனம் கருவியைக் கைவிட்டுவிடவில்லை, ஆண்டுதோறும் திருத்தியது. 1962ஆம் ஆண்டில் 327 கன அங்குல எஞ்சினுடன் அதன் ஆற்றல் 360 குதிரைத் திறன் ஆயிற்று. 1964ஆம் ஆண்டில் 375. இடையே 1963ஆம் ஆண்டில் மட்டும் 2,610 வண்டிகள் அக்கருவியுடன் விற்பனையாயின. ஆனால் 1965ஆம் ஆண்டில் செவர்லே 396 கன அங்குலமுள்ள பெரிய எஞ்சின் ஒன்றைச் சாதாரணக் கார்புரேட்டருடன் அளித்தது. அதன் ஆற்றல் 425 குதிரைத் திறன். கூடுதல் விலை 293 டாலருக்குள் அடங்கியது. பீச்சுக்கருவிக்கோ 538 டாலர். குறைந்த ஆற்றலுக்கு அதிகப் பணம் கொடுப்பவர் யார்? அவ்வாண்டு அதை விரும்பி வாங்கியோர் 771 பேரே. அந்த ஆண்டோடு ராம்ஜெட்டின் உற்பத்தி நின்றது.

கருவி தோற்றதே தவிர, கருத்து தோற்கவில்லை. இதை மாணவர்கள் குறித்துக்கொள்ளவேண்டும். அதே காலத்தில் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீச்சும் கருவியைச் செய்தது. 1958ஆம் ஆண்டில் கிரைஸ்லர் நிறுவனத்தின் சில வண்டிகளில் அதைப் பொருத்தினர். அக்காலத்து மின்னணு உறுப்புகள் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கவில்லை. அவ்வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரே மறுபடி பூட்டப்பட்டது. ஆனால் அந்த அறிவை உரிமை பெற்று எடுத்துக்கொண்ட பாஷ் நிறுவனம், டிரான்ஸிஸ்டரின் துணையால் அதைச் செம்மையாக்கி, 1967ஆம் ஆண்டில் வோக்ஸ்வேகன் வண்டியில் கொண்டுவந்தது. பிறகு அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையைக் குறைக்கவேண்டுமானால் பெட்ரோலைத் துல்லியமாக அளந்து கொடுக்கவேண்டும். கார்புரேட்டரால் அது இயலாது போயிற்று. கார்வெட்டுக்கே 1982ஆம் ஆண்டில் மின்னணுப் பீச்சு முறை வந்து சேர்ந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் வாயில் வழியே வெளியே சென்ற கருத்து, வேறு உடை உடுத்து மறுபடி உள்ளே வந்தது.

இதற்குள் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்துவிட்டது. 1957ஆம் ஆண்டு வண்டிகள் பழைய வண்டிகளாகி, பின் அரிய வண்டிகளாயின. 1974ஆம் ஆண்டில் கார்வெட்களை மூலநிலைக்கு மீட்போர் அமெரிக்காவில் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைத்தனர். தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட நாளில் வண்டி எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா என்று ஒவ்வோர் உறுப்பாக ஆராய்ந்து மதிப்பிடும் வழக்கம் வேரூன்றியது. அப்போதுதான் மூலையில் கிடந்த கருவிகளை நோக்கிக் கண்கள் திரும்பின. பரண்களிலும் பழைய இரும்புக் கடைகளிலும் தேடல் நடந்தது. கருவியின் பக்கவாட்டில் மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் பொறித்த சிறு தகடு உண்டு. அத்தகடு உள்ள கருவிக்கு மதிப்பு. ஆகவே போலித் தகடுகளும் தோன்றின. ஒரு காலத்தில் தொல்லையென்று கழற்றப்பட்டது, இப்போது பொய்யாக உண்டாக்கும் அளவுக்கு அருமையுடையதாயிற்று.

கிடைத்த கருவியை மீட்பது எப்படி? முதலில் முற்றும் பிரித்துக் கழுவவேண்டும். பல ஆண்டுகள் உள்ளே தங்கிய பெட்ரோல் உலர்ந்து பிசினாகியிருக்கும். எட்டு முனைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒரே அழுத்தத்தில் ஒரே அளவு பாய்கின்றனவா என்று ஒப்பிடவேண்டும். இறுகிப்போன சவ்வை மாற்றவேண்டும், கம்பிவடத்தைப் புதுப்பிக்கவேண்டும். இவ்வளவும் உடலுழைப்பு. அதன்பின் வருவதே நுண்ணறிவு. கழுத்தில் தோன்றும் அழுத்தக் குறைவையும் முனைகளுக்குச் செல்லும் பெட்ரோலின் அழுத்தத்தையும், வளைந்த கண்ணாடிக் குழாயில் திரவம் ஏறி இறங்கும் மானோமீட்டரால் ஒருங்கே அளந்து, இரண்டுக்கும் உரிய விகிதம் கிட்டும் வரை நெம்புகோலின் நிலையைத் திருத்தவேண்டும். சிக்கனமாக ஓடுவதற்கு ஒரு நிலை. முழு ஆற்றலுக்கு ஒரு நிலை. பள்ளிக்கூடத்தில் பெளதிக ஆசிரியர் காட்டும் அதே மானோமீட்டர்தான் இங்கே வைத்தியரின் நாடி பார்க்கும் கருவி.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கருவி பழையது, அதில் ஊற்றும் பெட்ரோலோ புதியது. 1957ஆம் ஆண்டின் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது, 10.5 மடங்கு அழுத்தத்தில் இயங்கிய அந்த எஞ்சின் அதை நம்பியே அமைந்தது. சாலை வண்டிகளுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டது. இன்று அங்கு விற்கும் பெட்ரோலில் பெரும்பகுதி எத்தனால் என்னும் சாராயம் கலந்தது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பரையும் சவ்வையும் ஊறவைத்துக் கெடுக்கும். அதன் வேதி இயல்பினால், அது கலந்த பெட்ரோல் அதே காற்றுக்குச் சற்றே கூடுதலான அளவில் தேவைப்படும். ஆகவே 1957ஆம் ஆண்டின் சவ்வை அப்படியே பொருத்தி, அன்றைய அளவுகளையே வைத்தால், கருவி மூலநிலையில் இருக்கும்; வண்டி ஒழுங்காக ஓடாது. எத்தனாலைத் தாங்கும் புதுச் சவ்வைப் பொருத்தி, அளவைச் சிறிது திருத்தினால் வண்டி ஓடும். கருவி முழுமையாக மூலநிலையில் இராது. எது உண்மையான மீட்பு?

எஞ்சினின் மேல் அமர்ந்திருக்கும் இரும்பும் அலுமினியமும் மட்டும் அக்கருவி அன்று. காற்று தன் அளவைச் சொல்ல, பெட்ரோல் அதைக் கேட்டு நடக்கும் அந்த ஏற்பாடே கருவி என்பது என் எண்ணம். அந்த ஏற்பாடு பிழையின்றி நடக்கச் சவ்வை மாற்றினால், கருவி காக்கப்படுகிறது. சவ்வை மாற்ற மனமின்றி ஓடாத கருவியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால், அதன் உருவம் மட்டுமே காக்கப்படுகிறது. இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் எல்லாக் கருவிகளும் பெட்டிக்குள் போய்விட்டால், அதை ஓட்டிக்காட்டும் அறிவு ஒரு தலைமுறையில் அற்றுவிடும்.

அப்படியானால் மாற்றுவதே கூடாதா? கூடாதென்று நான் சொல்லவில்லை. வெடித்த ரப்பர்க் குழாயைப் பழமை என்று வைத்திருப்பவர் தம் வண்டியை மட்டுமன்று, தம் உயிரையும் பணயம் வைக்கிறார். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்க ஒரு நொடி போதும். குழாய், வளையம், வடிகட்டி போன்றவை தேய்வதற்கென்றே அமைந்தவை; அவற்றை மாற்றுவதில் தயக்கமே வேண்டாம். நெடுந்தூரம் தொல்லையின்றிச் செல்லவேண்டும் என்று கார்புரேட்டரையோ, இன்று கிடைக்கும் மின்னணுப் பீச்சுக்கருவியையோ பொருத்துபவரையும் நான் குறை கூறமாட்டேன். மூன்று நெறிகளை மட்டும் அவர் கைக்கொள்ளவேண்டும் என்பேன்.

முதலாவது, நோயறிந்த பின்பே மருந்து. எஞ்சின் தடுமாறினால் உடனே எரிபொருள் கருவியைப் பழிக்கக்கூடாது. தீப்பொறியின் நேரம் பிசகியிருக்கலாம், எங்கேனும் ஓர் இணைப்பு வழியே காற்று திருட்டுத்தனமாக நுழையலாம், தொட்டியில் துருப்பிடித்திருக்கலாம். இவற்றைச் சோதிக்காமல் கருவியை மாற்றியவருக்குப் புதுக்கருவியுடன் பழைய நோயும் சேர்ந்தே நீடிக்கும். இரண்டாவது, செய்யும் மாற்றம் பிற்காலத்தில் திருப்பிக்கொள்ளத்தக்கதாக இருக்கவேண்டும். புதியதைப் பொருத்துவதற்காகப் பழைய உலோகத்தை அறுப்பதும் துளைப்பதும் ஆகாது. கழற்றிய கருவியைத் துடைத்து, எண்ணெய் பூசி, திருகுகளுடன் சேர்த்துப் பத்திரப்படுத்தவேண்டும். மூன்றாவது, செய்ததை எழுதிவைக்கவேண்டும். எந்த உறுப்பு, எந்தத் தேதியில், ஏன் மாற்றப்பட்டது, அளவு என்ன என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்தால், அடுத்துக் கைவைப்பவர் ஊகத்தில் காலங்கழிக்க நேராது.

1957ஆம் ஆண்டு வண்டியைப் பெற்றோர் இந்த இரண்டாம் நெறியை மட்டுமேனும் பின்பற்றியிருந்தால், பின்னால் வந்தோர் இரும்புக் கடைகளில் தேடியிருக்கவேண்டியதில்லை. அதற்கு அதிகச் செலவும் இல்லை. ஒரு மரப்பெட்டியும் பரணில் சிறிது இடமும் போதும்.

டண்டாவ் 1996ஆம் ஆண்டில் காலமானார். கென்டக்கி மாநிலத்துப் பௌலிங் கிரீன் நகரில், 1994ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேசியக் கார்வெட் காட்சிசாலையில் அவருடைய அஸ்தி வைக்கப்பட்டிருக்கிறது. கார்வெட்கள் இன்று உற்பத்தியாகும் தொழிற்சாலையும் அதே நகரில்தான் இருக்கிறது. அங்கிருந்து வெளிவரும் ஒவ்வொரு வண்டியிலும் பெட்ரோல் பீச்சப்பட்டே எரிகிறது. அளவைச் சொல்வது இப்போது சவ்வு அன்று, கம்ப்யூட்டர். ராம்ஜெட் கருவியைப் பிரித்து, அளந்து, ஓட வைக்கத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் சிலரே, அவர்களுள்ளும் முதியோர் பலர். நூலில் அளவுகள் இருக்கின்றன. அளவு பிசகும்போது எஞ்சினின் ஓசை எப்படி மாறும் என்பதை நூல் சொல்லாது. அவர்கள் காது சொல்லும்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் கார்வெட் இராது. ஆனால் பாட்டனார் காலத்துத் தையல் யந்திரமோ, பாடாத பழைய வானொலிப் பெட்டியோ இருக்கக்கூடும். அதைச் செப்பனிடத் தெரிந்த ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கவும் கூடும். அதைத் தூக்கிப் போடுமுன் ஒரு நாள் அவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அவர் பிரிக்கும்போது அருகில் இருந்து பாருங்கள். எதை, ஏன் செய்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொருள் ஓடினால் நன்று. ஓடாமற் போனாலும் அவருக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி உங்கள் நோட்டுப் புத்தகத்துக்கு வந்துவிடும்.